படிவம் 1 பையனுக்கு மாயாஜாலக் கதைகள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். என் அக்கா மகன் 6 வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-க்குப் போகிறான், அங்கே பாடம் பெரும்பாலும் மலாய்மொழியில் என்பதால் வகுப்பில் வாயே திறப்பதில்லை, வீட்டுக்கு வந்தால் சீருடையைக்கூட மாற்றாமல் பின்வாசலில் செம்பனை மரங்களைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறான்.

போன வாரம் கரண்ட் போன இரவில் விக்கிரமாதித்தன் கதை சொன்னேன். வேதாளம் திரும்பத் திரும்ப முருங்கை மரம் ஏறும் இடத்தில், "ராஜாவுக்குச் சலிக்கலையா மாமா?" என்றான். பல நாளுக்கு அப்புறம் அவனாகக் கேட்ட கேள்வி!

அறிவுரையைவிடக் கதைதான் அவனுக்குள் இறங்குகிறது. பயந்த பிள்ளை மெல்ல மெல்லத் துணிகிற மாயாஜாலக் கதைகள், 13 வயதுக்கு ஏற்ற மாதிரி, தமிழில் என்னென்ன இருக்கின்றன? பழைய புத்தகமானாலும் சரி, ஈப்போவரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.