அக்கா கணக்கில் மட்டும் லிப்ரேஆபீஸ் திறக்க மாட்டேங்குது, என் கணக்கில் திறக்குது. உதவி தேவை

பத்திரக்கடை_தம்பி

வணக்கம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே அக்காவும் நானும் டைப்பிங் கடை வைத்திருக்கிறோம். ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. அதில் இரண்டு கணக்கு. என்னுடையது அட்மின், அக்காவுடையது சாதாரணக் கணக்கு. பத்திரம் எல்லாம் லிப்ரேஆபீஸ் ரைட்டரில்தான்.

திங்கட்கிழமை அக்கா அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை, கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துவிட்டது. அதிலிருந்து அக்கா கணக்கில் ரைட்டரைத் தட்டினால் லோகோ வருகிறது, பச்சைக் கோடு பாதி வரை ஓடுகிறது, பிறகு சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. எந்த எரர் செய்தியும் இல்லை. என் கணக்கில் போனால் அதே ரைட்டர் நன்றாகத் திறக்கிறது.

இரண்டு முறை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். மாற்றமே இல்லை. நாளை மறுநாள் முகூர்த்த நாள், பதிவுக்குக் கூட்டம் வரும். தயவுசெய்து சொல்லுங்கள்.

கீபோர்டு_மாணவன்

தம்பி, எனக்கும் இப்படி ஆச்சு. பார்மட் அடிச்சிட்டேன், சரியாப் போச்சு. பைல் எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டுட்டு அடிச்சிடுங்க.

பத்திரக்கடை_தம்பி

பார்மட் வேண்டாம் அண்ணே. அக்கா எட்டு வருஷமாகச் சேர்த்த ஆட்டோடெக்ஸ்ட் அதில்தான் இருக்கிறது. கேபி என்று இரண்டு ஆங்கில எழுத்து தட்டி எப்3 அமுக்கினால் கிரையப் பத்திரத்தின் முதல் பக்கம் முழுக்க வந்து நிற்கும். நான்கு எல்லை விவரம், சாட்சி வாசகம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் என்று நூற்றுக்கு மேல் இருக்கும். அது எந்த பைலில் சேமிக்கப்படுகிறது என்றே எங்களுக்குத் தெரியாது. பென்டிரைவில் எதை எடுப்பது?

இன்னொரு விஷயம். அக்கா கணக்கில் இருந்தே ஐகானை ரைட் கிளிக் செய்து 'அட்மினாக இயக்கு' கொடுத்து என் பாஸ்வேர்டு போட்டால் திறக்கிறது! அப்படியென்றால் இது பெர்மிஷன் பிரச்சினைதானே? அக்கா கணக்கையும் அட்மினாக மாற்றிவிடலாமா?

திண்ணை_விசுவநாதன்

தம்பி, கொஞ்சம் பொறுங்க. அக்கா கணக்கை அட்மினாக மாற்றாதீங்க, பார்மட்டும் அடிக்காதீங்க.

நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருக்கிறது, ஆனால் அது பெர்மிஷன் இல்லை. சாதாரணக் கணக்கில் இருந்து அட்மினாக இயக்கி உங்கள் பாஸ்வேர்டு போட்டால், அந்த ரைட்டர் *நீங்களாக* ஓடுகிறது. திரை அக்காவுடையது, ஆனால் ரைட்டர் படிக்கிற அமைப்புகள் எல்லாம் உங்கள் கணக்கில் உள்ளவை. அதனால்தான் திறக்கிறது. சோதித்துப் பாருங்கள்: அப்படித் திறந்த ரைட்டரில் கேபி தட்டி எப்3 அமுக்குங்கள். அக்காவின் வாசகம் வராது என்று நினைக்கிறேன்.

நீக்கிப் போட்டும் ஏன் சரியாகவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். மென்பொருள் உட்காருவது புரோகிராம் பைல்ஸில், அது எல்லாருக்கும் பொது. ஆனால் ஒவ்வொருவரின் ஆட்டோடெக்ஸ்ட், அகராதி, டூல்பார், எக்ஸ்டென்ஷன் (நாமாகச் சேர்க்கும் கூடுதல் வசதி) எல்லாம் அவரவர் கணக்கின் ஆப்டேட்டா போல்டரில். லிப்ரேஆபீஸை நீக்கினாலும் அந்த போல்டர் அப்படியே இருக்கும். பழுது அங்கே இருந்தால் நீங்கள் பத்து முறை புதிதாகப் போட்டாலும் அதே பழுதைத்தான் அது மறுபடி படிக்கும். ஆனால் நீக்கியதில் அக்காவின் ஆட்டோடெக்ஸ்ட் போயிருக்காது என்பதும் இதே காரணத்தால்தான். பயப்பட வேண்டாம்.

இரண்டு கேள்வி. ஒன்று, அக்கா கணக்கில் ஸ்டார்ட் மெனுவில் லிப்ரேஆபீஸ் சேஃப் மோட் என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் திறக்கிறதா? அது தற்காலிகமான வெற்று புரொபைலை, அதாவது நம் அமைப்புகள் எதுவும் இல்லாத போல்டரை, வைத்து ஓடும். இரண்டு, கரண்ட் போவதற்கு முன்னால் புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா?

பத்திரக்கடை_தம்பி

நீங்கள் சொன்னது சரி சார். அட்மினாகத் திறந்ததில் கேபி, எப்3 அமுக்கினால் ஒன்றும் வரவில்லை. என் கணக்கின் டூல்பார்தான் தெரிகிறது, நான்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். சேஃப் மோடில் திறக்கிறது.

அக்காவிடம் கேட்டேன். சனிக்கிழமை ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டாராம். தொகையை எண்ணில் கொடுத்தால் எழுத்தில் மாற்றித் தரும் என்றார்.

திண்ணை_விசுவநாதன்

நல்லது, வழி தெளிவாகிவிட்டது. எல்லாவற்றையும் அக்கா கணக்கில் இருந்தே செய்யுங்கள், உங்கள் கணக்கில் இருந்து அல்ல.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து லிப்ரேஆபீஸ் எதுவும் பின்னால் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள், எஸ்ஆபீஸ் என்ற பெயரிலும் இருக்கலாம். இருந்தால் எண்ட் டாஸ்க். பிறகு விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அமுக்கினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் ஒரு % குறி போட்டு என்டர் தட்டுங்கள். ரோமிங் போல்டர் திறக்கும். அதற்குள் லிப்ரேஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். 4 என்பதைப் பார்த்து பழைய வெர்ஷன் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். 2013இல் 4.0 வந்தபோது இருந்து அதே பெயர்தான், 24, 25 என்று வெர்ஷன் மாறின பிறகும் போல்டர் 4தான்.

அந்த யூசர் போல்டரை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். யூசர் பழையது என்று வைத்துக்கொள்ளலாம். முழு போல்டரையும் பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு ரைட்டரைத் திறந்தால் அதுவே புதிய யூசர் போல்டரை உருவாக்கிக்கொள்ளும்.

திறந்ததா? மூடிவிட்டு, பழையதில் இருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். ஆட்டோடெக்ஸ்ட் என்றே ஒரு போல்டர் இருக்கும், உள்ளே மைடெக்ஸ்ட்ஸ் என்ற பைல், பெயரின் கடைசியில் புள்ளி வைத்து பிஏயூ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அக்காவின் எட்டு வருஷம் அனேகமாக அந்த ஒரு பைலில்தான். அடுத்து வேர்டுபுக், ஆட்டோகரெக்ட், டெம்ப்ளேட் போல்டர்கள். ஒன்றைப் போட்டதும் ஒரு முறை ரைட்டரைத் திறந்து மூடிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எது கோளாறு என்று தெரியாது. எக்ஸ்டென்ஷன் இருக்கிற யூஎன்ஓ பேக்கேஜஸ் போல்டரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரக்கடை_தம்பி

சார், திறந்துவிட்டது!

மைடெக்ஸ்ட்ஸ் பைலைப் போட்டுவிட்டு அக்காவையே உட்கார வைத்தேன். கேபி தட்டி எப்3 அமுக்கினார். ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு 'கிரையம் பெறுபவர்' என்று ஆரம்பித்து முழுப் பக்கமும் வந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எல்லை வாசகத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

நீங்கள் சொன்ன வரிசையிலேயே மற்றதையும் போட்டேன். கடைசியில் யூஎன்ஓ பேக்கேஜஸ் போட்டதும் பழையபடி லோகோ வந்து மறைந்தது. எடுத்துவிட்டேன், திறக்கிறது. அப்படியென்றால் அந்த எக்ஸ்டென்ஷன்தான் காரணமா?

திண்ணை_விசுவநாதன்

அந்த போல்டர்தான் காரணம் என்று சொல்லலாம். எக்ஸ்டென்ஷன் தானே கெட்டதா, கரண்ட் போனபோது அதன் பதிவு பாதி எழுதி நின்றுவிட்டதா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. வேண்டுமானால் முகூர்த்த நாள் முடிந்த பிறகு புதிதாக இறக்கிப் போட்டுப் பாருங்கள்.

ஒரு திருத்தம் நான் சொல்லியாக வேண்டும். சேஃப் மோட் திறக்கும்போது வருகிற முதல் பெட்டியிலேயே பயனர் எக்ஸ்டென்ஷன்களை மட்டும் முடக்கவோ நீக்கவோ வழி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் போட்டதாக நீங்கள் சொன்ன உடனே அதை முயலச் சொல்லியிருக்க வேண்டும், வேலை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். இதே கோளாறோடு வருகிறவர்கள் அங்கிருந்து ஆரம்பியுங்கள். அதே பெட்டியில் 'தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பு' என்றும் ஒன்று உண்டு. முழு புரொபைலையும் அதில் மீட்டமைத்தால் ஆட்டோடெக்ஸ்டும் சேர்ந்து போய்விடும். காப்பி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

கீபோர்டு_மாணவன்

சார், நான் பார்மட் அடிச்சதுல என் அகராதிச் சொல்லெல்லாம் போச்சு, இப்பதான் ஏன்னு புரியுது. லினக்ஸ்ல இந்த போல்டர் எங்க இருக்கும்?

திண்ணை_விசுவநாதன்

ஹோம் போல்டருக்குள் புள்ளியில் ஆரம்பிக்கிற கான்பிக் போல்டர், அதற்குள் லிப்ரேஆபீஸ், 4, யூசர். மறைந்திருக்கும், கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அமுக்கினால் பெரும்பாலான பைல் மேனேஜரில் தெரியும்.

பத்திரக்கடை_தம்பி

ஆட்டோடெக்ஸ்ட் போல்டரை பென்டிரைவிலும் என் கணக்கிலும் காப்பி எடுத்து வைத்துவிட்டோம். யுபிஎஸ் பேட்டரிக்கும் சொல்லியாச்சு, நாளைக் காலையில் வருகிறது. அக்கா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார் சார்.