1968 செவர்லே செவெல் கார்: கண்ணாடிப் பட்டையை மடங்காமல் கழற்ற என்ன கருவி?

நண்பர்களே, என் 1968 செவெல் முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ஸ்டெயின்லெஸ் பட்டையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். ஒரு மூலை மடங்கிவிட்டது, மனசே ஆறவில்லை. பிரேக் குழாய் நட்டும் 10 மி.மீ. ஸ்பேனரில் வழுக்குகிறது. என்ன வாங்கலாம்?

பதில் 1:
ஸ்க்ரூடிரைவரை முதலில் கீழே வையுங்கள். பாடியில் பற்றவைத்த சின்னக் குமிழ்களில் கிளிப்புகள் மாட்டியிருக்கும். அவைதான் பட்டையைப் பிடித்திருக்கின்றன. இதற்கென்றே மோல்டிங் ரிமூவல் டூல் உண்டு: தட்டையான தகடு, நுனியில் கொக்கி. கண்ணாடிக்கும் பட்டைக்கும் நடுவே படுக்கையாக நுழைத்துத் தடவிக்கொண்டே போங்கள். கிளிப் தட்டுப்படும். கொக்கியை அதில் மாட்டி மெல்ல இழுத்தால் 'டிக்' என்று விடும். அந்தச் சத்தம் வரும்வரை பட்டையைத் தூக்கவே கூடாது. நான் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன், ஒரு கீறல் இல்லை. மடங்கிய மூலையைத் தூக்கி எறியாதீர்கள். உள்பக்கமிருந்து சின்னச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டி எடுக்கலாம்.

பதில் 2:
அந்த வண்டி முழுக்க அங்குல அளவுதான். பிரேக் குழாய் நட்டு 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. சொச்சம், 10 போட்டால் நட்டின் மூலை தேயத்தான் செய்யும். 3/8 லைன் ரெஞ்ச் வாங்குங்கள், நட்டைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள்.

பதில் 3:
கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியையும் நெம்பிவிடாதீர்கள்! பின்னால் குதிரை லாட வடிவில் கிளிப் இருக்கும். அதைத் தள்ளவும் தனிக் கருவி உண்டு. கிளிப் தெறித்து ஓடும், துணி விரித்துக்கொள்ளுங்கள்.