டொலர் ஏற ஏறப் பயணிகள் குறைகிறார்களாம்: என் மாடலில் எங்கே பிழை?

இறுதியாண்டு மாணவி:
வணக்கம். இலங்கைக்கு வரும் உல்லாசப் பயணிகளின் மாதாந்த எண்ணிக்கையை 2015 முதல் 2024 வரை எடுத்து ரெக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் முறை) போட்டிருக்கிறேன். மாறிகள்: டொலருக்கு எத்தனை ரூபாய், இந்தியாவினதும் பிரித்தானியாவினதும் மொத்த உள்நாட்டு உற்பத்தி. ரூபாய் விழுந்தால் வெளிநாட்டவருக்கு நாடு மலிவு, வருகை கூடத்தானே வேண்டும்? ஆனால் டொலர் விலையின் குணகம், அதாவது அது வருகையை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துகிறது என்ற எண், மைனஸில் வருகிறது. இன்னொன்று, எண்ணிக்கைக்கு லாக் (மடக்கை) எடுத்ததும் 2020இல் சில வரிசைகள் பிழை காட்டின. அவற்றை அழித்துவிட்டேன். "குறி ஏன் மாறியிருக்கிறது?" என்று மேற்பார்வையாளர் ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறார்.

நிலாவெளிக்காரன்:
தங்கச்சி, ரெக்ரஷன் எனக்குத் தெரியாது, பயணிகளுக்கு நாலு அறை வைத்து நடத்துகிறேன். 2022 ஜூனில் டொலர் 360 ரூபாய். அவர்கள் கணக்கில் என் அறை பாதி விலை. ஒரு சோடி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிக் கோல் எடுக்கிறார்கள், வான்காரர் இரண்டாம் நாளாக டீசல் வரிசையில் நிற்கிறார். அறை மலிவுதான், வந்து சேர வழி?

பழைய கணக்கன்:
அண்ணன் சொன்னதுதான் விடை. 2018இல் 23 இலட்சம் பேர் வந்தார்கள், 2022இல் 7 இலட்சம் சொச்சம். அந்த வருடம் ரூபாயை விழுத்திய அதே பொருளாதார நெருக்கடிதான் ஆட்களையும் வராமல் செய்தது. பிறகு ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தது, 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். மைனஸ் வராமல் என்ன செய்யும்? போதாததற்குப் பயணிகள் கொண்டுவரும் டொலரே ரூபாயைத் தூக்கும். எது காரணம், எது விளைவு என்று உங்கள் மாடலுக்குத் தெரியாது. அதனால் நாணயமாற்று வீதத்தைச் சில மாதங்கள் பின்தள்ளிப் போடுங்கள், அதாவது இந்த மாத வருகைக்கு எதிரே சில மாதங்களுக்கு முந்திய வீதம்.

விலையையும் சேருங்கள். 2022 செப்டெம்பரில் இங்கே பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது, ரூபாய் விழுந்த மலிவில் பெரும்பகுதியை அது தின்றுவிட்டது. இரு நாட்டு விலைச் சுட்டெண்ணாலும் திருத்திய உண்மை வீதம்தான் வேண்டும், அதுவும் டொலருக்கு அல்ல, அந்தந்த நாட்டு நாணயத்துக்கு. நாடுவாரியாகவும் பிரியுங்கள். 2022 ஜனவரியில் முன்வரிசையில் நின்றவர்கள் ரஷ்யரும் உக்ரேனியரும். அடுத்த மாதம் போர். இந்திய, பிரித்தானிய உற்பத்தியில் அது எப்படித் தெரியும்?

அழித்த வரிசைகளைத் திருப்பிப் போடுங்கள். விமான நிலையம் மூடியிருந்த மாதங்கள் அவை, பூச்சியம் என்பது உண்மையான எண். லாக் பூச்சியத்தை ஏற்காது, ஒன்றைக் கூட்டி லாக் எடுத்து, அந்த மாதங்களுக்குத் தனி டம்மி (அந்த மாதங்களில் 1, மற்றவற்றில் 0 ஆக இருக்கும் மாறி) வையுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிந்திய மாதங்களுக்கும் ஒன்று.

இறுதியாண்டு மாணவி:
இந்தியாவுக்கு மட்டும் ஓட்டிப் பார்த்தேன். குறி பிளஸ் ஆகிவிட்டது, ஆனால் பூச்சியத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 2022 ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை இன்னொரு டம்மி வைத்திருக்கிறேன் அண்ணா, கோப்பில் அதன் பெயர் "டீசல்".

நிலாவெளிக்காரன்:
எங்கள் வரிசை ஓகஸ்டோடு முடியவில்லை, தங்கச்சி.