கோத்தகிரிக்கு மின்சாரக் கார் சரிப்படுமா?

கட்டபெட்டு வாசி:
வணக்கம். வீடு கோத்தகிரிக்குப் பக்கத்தில். பழைய டீசல் வண்டியை இந்த வருடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அம்மாவை மாதம் ஒருமுறை கோவைக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும், போக வர சுமார் 140 கிலோமீட்டர். மின்சாரக் கார் வாங்கு என்கிறான் தம்பி. மலை ஏறினால் பாட்டரி படுத்துவிடும் என்கிறார் மாமா. இரண்டு பேருமே அந்தக் காரை ஓட்டியதில்லை. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாம் கியர்:
மாமா சொல்வதைக் கேளுங்கள். 22 வருடமாக மேட்டுப்பாளையம்–ஊட்டி டாக்ஸி ஓட்டுகிறேன். மே மாதம் பர்லியாருக்கு மேலே இரண்டு மணி நேரம் வண்டி நகராமல் நிற்கும். அங்கே சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? பெட்ரோல் என்றால் பாட்டிலில் வாங்கி வந்தாவது ஊற்றலாம். மின்சாரத்தைப் பாட்டிலில் பிடிக்க முடியுமா?

குன்னூர் யூனிட்:
அண்ணா, நெரிசலில் நிற்கும்போது பெட்ரோல் இன்ஜின்தான் சும்மா எரிகிறது. மின்சாரக் காரின் மோட்டார் நின்றால் நின்றதுதான். விளக்கு, விசிறிக்கு மட்டும் கொஞ்சம் போகும்.

மூன்று வருடமாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஆட்களோடு சேர்த்து வண்டி 1,800 கிலோ என்று வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரம். இந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கவே ஏழு யூனிட் வேண்டும். இதில் எந்தக் கம்பெனிக் காராலும் தப்ப முடியாது. டயர் உருளும் இழுவை, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் 10, 11 யூனிட். இறங்கும்போது மோட்டாரே டைனமோ மாதிரி சுற்றி மூன்று யூனிட் வரை திருப்பித் தரும். சமவெளியில் போக வர ஒன்பது யூனிட். ஆக மொத்தம் ஒரு கோவைப் பயணத்துக்கு 16, 17. பாட்டரி 40 யூனிட் என்றால் பாதிகூடத் தீராது.

இன்னொன்று. மேலே காற்று மெலிது. ஊட்டி உயரத்தில் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம்.

சிங்காநல்லூர் சனிக்கிழமை:
அருமையான கணக்கு. இப்படிப்பட்ட கார்களுக்காவது, வெளியூர் வண்டிகளுக்குத் தரும் இ-பாஸ் எண்ணிக்கை வரம்பை எடுத்துவிடலாமே? நீலகிரிக்குள் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று 2025-ல் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. புகையே விடாத வண்டியை எதற்காக எண்ண வேண்டும்?

பசுந்தேயிலை:
சனிக்கிழமை சார், புகை விடாத கார் ரோட்டில் இடத்தையும் அடைக்காதா? ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வரும் எங்கள் பஸ், கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஊர்கிறது. முன்னால் நிற்பது டீசலா பாட்டரியா என்று உள்ளே நிற்கும் எனக்குத் தெரியவா போகிறது? எங்கள் ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மலைப்பகுதிப் பெண்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் என்று 2024-ல் அறிவித்தார்கள், நல்லது. டிக்கெட் இலவசமானது, பஸ் ஒன்றும் கூடவில்லை.

கட்டபெட்டு அண்ணாவுக்கு ஒரு கேள்வி. மாதம் ஒரு நாள் கோவை போக எதற்குப் பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் கார்? டாக்ஸிக்கு ஒரு தடவை நாலாயிரம் என்றாலும் வருடத்துக்கு 48,000-தான் ஆகிறது.

இரண்டாம் கியர்:
இந்த அக்கா சொல்வது நியாயம்!

கட்டபெட்டு வாசி:
அக்கா, கணக்கு சரிதான். ஆனால் போன டிசம்பரில் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. நாலு டாக்ஸிக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர் கூடலூரில் இருந்தார், ஒருவர் மூடுபனி என்று மறுத்துவிட்டார், அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். வாசலில் வண்டி இருந்ததால் போனோம். வாயுதான் என்றார்கள். அன்றிலிருந்து வாசலில் வண்டி இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பசுந்தேயிலை:
அது புரிகிறது. நான் கேட்கும் கூடுதல் பஸ்ஸும் அந்த நேரத்துக்கு வராது.

இரண்டாம் கியர்:
சரி, அந்த ராத்திரியையே எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? என் மச்சான் வீட்டில் நான்கு நாள் கரண்ட் இல்லை. மரம் விழுந்தால் இங்கே கம்பியும் விழும். அந்த நான்கு நாளில் உங்கள் கார் வாசலில் நிற்கும் பீரோ.

குன்னூர் யூனிட்:
மழைக்கு முன்னால் சார்ஜ் போட்டு வைத்தால் வாரக் கணக்கில் குறையாமல் நிற்கும் அண்ணா. பெட்ரோல் பங்கும் கரண்டில்தான் ஓடுகிறது, ஜெனரேட்டர் டீசல் தீர்ந்தால் அதுவும் பீரோதான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பயம் வீண் இல்லை. ஆனி, ஆடியில் நான் பாட்டரியைப் பாதிக்குக் கீழே விடுவதில்லை. உறைபனிக் காலத்தில் விடியற்காலை சார்ஜ் மெதுவாக ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர் சனிக்கிழமை:
பத்து வருடத்தில் ஓட்டுநரே இல்லாத கார் வந்துவிடும். அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் 2020-லிருந்து வேமோ கார்கள் ஸ்டியரிங் முன்னால் ஆளே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிப் போகின்றன. ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் வரும். அப்புறம் யாருக்குச் சொந்தக் கார்?

இரண்டாம் கியர்:
பீனிக்ஸ் பாலைவன ஊர், வெயில், அகல ரோடு. இங்கே கொண்டைஊசி வளைவில் மேலிருந்து பஸ், கீழிருந்து கேஸ் லாரி. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், அது சட்டம். ஆனால் பின்னால் நாலு வண்டி ஒட்டி நின்றால் யார் ரிவர்ஸ் எடுப்பது என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். உங்கள் கார் யார் கண்ணைப் பார்க்கும்? ரோட்டில் காட்டுமாடு படுத்திருந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது, லைட்டைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பசுந்தேயிலை:
மின்சாரக் கார் பின்னால் வருவதே காதில் விழுவதில்லை. தலையில் இலை மூட்டையோடு ரோட்டோரம் நடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வளைவில் ஹாரன் அடித்தே ஆக வேண்டும், குன்னூர்த் தம்பி.

குன்னூர் யூனிட்:
அடிக்கிறேன் அக்கா.

நானே பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கட்டபெட்டு சாருக்கு உதவும். வாங்கிய புதிதில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு குன்னூரிலிருந்து இறங்கினேன். பாட்டரி நிறைந்திருந்தால் டைனமோ மின்சாரம் போக இடமில்லை, அதனால் மோட்டார் இழுத்துப் பிடிக்கும் பிரேக்கும் வேலை செய்யாது. நியூட்ரலில் விட்ட மாதிரி வண்டி ஓடியது. காலாலேயே பிரேக் போட்டுப் போட்டு, கருகிய வாசனையோடு ஓரம் கட்டினேன். அன்றிலிருந்து மலை மேல் சார்ஜ் 80 சதவீதம்தான். இதை ஷோரூமில் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாம் கியர்:
அப்படியானால் 80-ல் வைத்தால் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம் என்கிறீர்களா?

குன்னூர் யூனிட்:
பெரும்பாலும். கால் பெடலை விட்டு எடுத்தாலே நீங்கள் இரண்டாம் கியரில் பிடிக்கும் பிடி கிடைக்கும். என் பிரேக் கட்டை இன்னும் மாற்றவில்லை. டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது, வண்டி கனம்.

கட்டபெட்டு வாசி:
வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். 15 ஆம்பியர் பிளக் போதுமா?

குன்னூர் யூனிட்:
போதும். மணிக்கு மூன்று யூனிட் ஏறும், ஒரு கோவைப் பயணத்துக்கு ஆறு மணி நேரம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், நம் ஊர் பாறையில் பாதி வீட்டு எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. இரண்டு மாத பில்லில் ஸ்லாப் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் கியர்:
வாங்க வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன். ஆனால் குன்னூர்த் தம்பி, புதன்கிழமை எனக்குச் சவாரி இல்லை. உங்கள் வண்டியை பர்லியார் வரை நான் ஓட்டிப் பார்க்கலாமா? 80-க்கு மேல் போட்டு வைக்காதீர்கள்.