'டிரை வெயிட்' என்பதற்குத் தமிழ்: உலர் எடையா, வடியெடையா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

சிறுநீரக ஆய்வுகளின் ஒப்புதல் படிவங்களுக்காகச் சொற்பட்டியல் போடத் தொடங்கி, நாற்பது சொல் வரை சண்டையில்லாமல் வந்துவிட்டோம். நாற்பத்தொன்றாவதில் வண்டி நின்றுவிட்டது. இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவுகளில் நாள்தோறும் புழங்கும் 'டிரை வெயிட்' தான் அந்தச் சொல்; உடலில் மிகுந்து நிற்கும் நீரை எடுத்த பிறகு நோயாளிக்கு இருக்க வேண்டிய எடை. பட்டியலில் 'உலர் எடை' என்று இருக்கிறது. எழுதியவன் நானேதான். அதை அடித்துவிட வேண்டும் என்று இப்போது கேட்பதும் நானே.

காரணம் என் தங்கை கணவர். தறிக்காரர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருடைய அட்டையில் யாரோ அக்கறையோடு தமிழிலேயே "உலர் எடை 52" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார். ஏன் என்று தங்கை கேட்டதற்கு, "உடம்பு 52-க்கு உலர வேண்டுமாம்" என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் குறைக்கச் சொன்னது தண்ணீரை. மனிதர் குறைத்தது சோற்றை. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஒரு சொல் அவரை அரைப் பட்டினி போட்டுவிட்டது.

அவர் மீது பிழையில்லை. "ஆள் உலர்ந்துபோய்விட்டான்" என்றால் நம் ஊரில் என்ன பொருள்? சதை வற்றி வாடிவிட்டான் என்றுதானே?

1967-இல் அமெரிக்க மருத்துவர்கள் இந்த எடைக்குத் தந்த விளக்கம் உலர்வைப் பற்றியதே அன்று. நீரை எடுத்துக்கொண்டே போகும்போது, வேறு காரணமின்றி எந்த எடையில் இரத்த அழுத்தம் சரிகிறதோ அதுவே எல்லை என்றார்கள். அதாவது இது சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிக்கும் ஓர் இடம். வீக்கமும் மூச்சுத்திணறலும் இல்லாமல், தலைசுற்றலும் வராமல் ஒருவர் தாங்கக்கூடிய மிகக் குறைந்த எடை.

ஆய்வுப் படிவத்தில் இது இன்னும் பெரிய வம்பு. 2009-இல் வெளியான 'டிரிப்' ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்துகொண்டும் இரத்த அழுத்தம் அடங்காத 150 பேர். அவர்களில் 100 பேருக்கு மருந்தைக் கூட்டாமல் இந்த எடையைச் சிறிது சிறிதாக இறக்கினார்கள். 50 பேருக்கு அப்படியே விட்டார்கள். நான்கு வாரத்தில் 0.9 கிலோ இறங்கியதற்கே, மற்றவர்களோடு ஒப்பிட மேல் அழுத்தம் ஏறத்தாழ 7 புள்ளி குறைந்தது. நல்ல ஆய்வு. ஆனால் அதன் படிவத்தைத் தமிழில் போட்டு, "உங்கள் உலர் எடையைக் குறைப்போம்" என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறவர் என்ன நினைத்துப் போடுவார்? மருத்துவ ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகள், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் பொதுமனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த நாற்காலியில் என் மைத்துனரை உட்காரவைத்துப் படிவத்தை நீட்டிப் பாருங்கள்.

இதுவரை காதில் விழுந்த மாற்றுகள்: இலக்கு எடை, நீர்ச்சமன் எடை, மெய்யெடை. 'மெய்யெடை' கேட்க அழகாக இருக்கிறது. வெள்ளிப் பட்டறையில் கொலுசு நிறுக்கிற நினைவுதான் வருகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து

> சதை வற்றி வாடிவிட்டான் என்றுதானே?

அண்ணா, மலைமேலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். காப்பித் தோட்டக்காரிக்கு உலர் எடை என்பது பணக் கணக்கு. பழம் பறித்து, தோல் நீக்கி, களத்தில் காயப்போட்டு, ஈரம் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்று இறங்கிய பிறகு நிறுப்பது. பழமாக ஆறு கிலோ கூடையில் விழுந்தால் கொட்டையாக ஒரு கிலோ தேறும். அந்தக் கணக்கில் மனிதனைக் காயவைத்தால் மிஞ்சுவது கருவாடுதான். வளர்ந்த ஆணின் உடலில் 60 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. உங்கள் மைத்துனர் 52 கிலோவைத் தொட்ட நாளிலும் அவருக்குள் முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். இதில் உலர்வு எங்கே வந்தது?

என் அப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸுக்காகச் சேலம் இறங்கி, மாலையில் மலை ஏறுவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் கண் இருட்டுகிறது என்பார். வண்டியை ஓரங்கட்டிப் படுக்கவைப்போம். இரண்டு மாதம் வளைவுகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். எலுமிச்சம்பழம் கையில் கொடுத்து அனுப்பாத ஆளில்லை. பிறகுதான் தெரிந்தது. டயாலிசிஸ் தொடங்கியபோது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். அன்று குறித்த எடையே அட்டையில் நின்றுவிட்டது. பசி திரும்பி, நன்றாகச் சாப்பிட்டு, சதை பிடித்திருக்கிறது. கூடிய சதையைத் தண்ணீர் என்று நினைத்து, உடலுக்கு வேண்டிய நீரையும் எடுத்திருக்கிறார்கள். எண்ணை ஒன்றரை கிலோ உயர்த்தினார்கள். வளைவுகள் அப்படியேதான் இருக்கின்றன, அப்பாவுக்கு மயக்கம் வரவில்லை.

அதனால் எந்தச் சொல் வைத்தாலும், கல்லில் வெட்டிய எண் போல அது ஒலிக்கக் கூடாது.

சேலத்திலிருந்து, டயாலிசிஸ் தொழில்நுட்பர்

ஐயா, உங்களிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தவன். புணர்ச்சி விதியில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே சொல்லாக்கத்தில் வாய் திறக்கமாட்டேன், புழக்கத்தைச் சொல்கிறேன்.

ஏற்காட்டு அக்கா சொன்னதற்கு நேர்மாறானதுதான் எங்களுக்கு அதிக அச்சம். ஒருவருக்குப் பத்து நாள் வயிற்றுப்போக்கு. இரண்டு கிலோ சதை போய்விட்டது. தராசு மட்டும் அதே 52 காட்டுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவோம். உண்மையில் போன சதையின் இடத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். தராசுக்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதான்.

'இலக்கு எடை' வேண்டாம் என்பதற்கும் எங்களிடம் காரணம் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஹீமோ ஆய்வில் கலந்துகொண்ட 1,846 பேரின் தரவுகளை மறுபடி அலசி 2011-இல் ஒன்று சொன்னார்கள்: மணிக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு மிகுதி. 52 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் அது 2.7 லிட்டர். அவர் திருவிழா முடிந்து நான்கு கிலோ ஏற்றிக்கொண்டு வந்தால் ஒரே அமர்வில் அத்தனையும் எடுக்க மாட்டோம். இழுத்தால் கெண்டைச்சதை பிடித்துக்கொண்டு அலறுவார். ஆக அன்றைய இலக்கு 53.3, அவருடைய 'டிரை வெயிட்' 52. இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிவம் குழம்பும்.

எங்கள் கூடத்தில் நோயாளிகள் 'உலர்ந்தது' என்று ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. 'நீர் கோத்துக்கொண்டது' என்பார்கள். முடிந்து இறங்கும்போது காலை அழுத்திப் பார்த்துவிட்டு 'வடிந்துவிட்டது' என்பார்கள். முகம் வடிந்தது, கால் வடிந்தது, வீக்கம் வடிந்தது. எல்லாம் வடிவதுதான். 'வடிந்த எடை' என்று ஏன் வைக்கக் கூடாது? காலை முதல் ஷிப்டில் எட்டு மிஷின் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொன்னாலும் புரியும்.

இன்னொன்று. பட்டியலில் 'உப்பு' என்ற சொல்லையும் பார்த்துவிடுங்கள். இரத்தத்தில் சேரும் கழிவுகளான யூரியா, கிரியாட்டினின் எல்லாவற்றையும் மக்கள் 'உப்பு' என்றுதான் சொல்கிறார்கள். "உப்பு கூடியிருக்கிறது" என்றால் சமையல் உப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சிலர் அந்த உப்புக்கு அஞ்சி இந்த உப்பைக் குறைப்பது நல்லதற்குத்தான். எட்டு கிராம் உப்பு உடலில் தங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் கிரியாட்டினின் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே தட்டுவடை செட்டு இரண்டு தட்டு வாங்கித் தின்றுவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது?

ஆத்தூரிலிருந்து

மூன்று மடல்களையும் படித்தேன். உருக்கமாக இருக்கின்றன. உருக்கத்தில் சொல் பிறக்காது.

'உலர் எடை' ஏற்கெனவே அட்டையில் ஏறிவிட்டது. ஏறிய சொல்லை இறக்கினால் நாளை இரண்டு சொல்லும் புழங்கி மூன்றாவது குழப்பம் வரும். 'சிறுநீரகம்' என்ற சொல்லுக்குள்ளும் அந்த உறுப்பின் வேலை முழுவதும் அடங்கிவிடவில்லை; சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உலர் எடையும் அப்படிப் பழகும்.

மேலும் 'வடிந்த எடை' கலைச்சொல்லே அன்று; செய்தி. வடிந்துவிட்டது என்று முடிந்த காலத்தில் சொல்லிவிட்டு, அதை நோக்கி இன்னும் போகவேண்டும் என்று எப்படிச் சொல்வீர்கள்? சரி, 'வடியெடை' என்று வினைத்தொகையாக்கினால் முக்காலத்துக்கும் பொருந்தும் என்பீர்கள். 'உலர் எடை'யும் வினைத்தொகைதான். அந்த வாதம் செல்லாது. 'வடி' என்றதும் எனக்குக் கஞ்சி வடிப்பதும் சாராயம் வடிப்பதும்தான் தோன்றுகின்றன. மருத்துவமனைச் சுவரில் எழுதும் சொல்லா அது?

மீண்டும் அம்மாபேட்டையிலிருந்து

> உருக்கத்தில் சொல் பிறக்காது.

ஆத்தூர் ஐயாவுக்கு வணக்கம். வினைத்தொகை வாதத்தை விட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்னது சரி. 'வடிந்த' என்ற இறந்தகாலமும் வேண்டாம். என் பழைய மாணவன் பொறுத்துக்கொள்வான்.

ஆனால் கஞ்சியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கஞ்சி வடித்த சோறு உலர்ந்த சோறா? இல்லையே. பருக்கைக்கு வேண்டிய ஈரம் பருக்கைக்குள் இருக்கிறது. மிகுந்து நின்ற நீர் மட்டும் போயிருக்கிறது. வடிக்காமல் விட்டால் குழைந்துவிடும். அடிவரை வடித்து அடுப்பிலேயே விட்டுவிட்டால் விறைத்துவிடும். எவ்வளவு வடிக்க வேண்டும் என்று அரிசி மூட்டையில் எழுதியிருக்காது. பழைய அரிசிக்கு ஒன்று, புது அரிசிக்கு ஒன்று. ஒவ்வொரு நாளும் பதம் பார்த்துத்தான் இறக்கவேண்டும். ஏற்காட்டு அம்மையாரின் அப்பாவுக்கும், வயிற்றுப்போக்கில் சதை போனவருக்கும் நடந்தது இதுதானே? பதம் பார்க்காமல் பழைய கணக்கிலேயே வடித்தது.

உலர்த்துவதற்கு இந்த அளவறிவு தேவையில்லை. வெயிலில் போட்டுவிட்டால் காய்ந்துகொண்டே போகும்.

ஏறிய சொல்லை இறக்கக் கூடாது என்பது பொதுவில் எனக்கும் உடன்பாடுதான். அதனால்தான் 'டயாலிசிஸ்' மீது கை வைக்கவில்லை. செய்தித்தாள்கள் 'இரத்தச் சுத்திகரிப்பு' என்று எழுதினாலும் தறிக்கூடம்வரை 'டயாலிசிஸ்' என்றே போய்ச்சேர்ந்திருக்கிறது. யாரும் அதைக் கேட்டுச் சோற்றைக் குறைக்கவில்லை. புரியாத சொல் என்றால் நாலு பேரிடம் கேட்டாவது தெரிந்துகொள்வார்கள். தவறாகப் புரியும் சொல்லைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

சென்ற ஞாயிறு மைத்துனரிடம் எதுவும் விளக்காமல், "உங்கள் வடியெடை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். சற்று விழித்துவிட்டு, "நீர் எல்லாம் வடிந்த பிறகா? 52 என்கிறார்கள்" என்றார். ஒரே ஒருவரிடம் கேட்டது சான்றாகாது என்று தெரியும். குழுவில் மருத்துவமனை வாசலில் நிற்கிறவர்கள் இன்னும் பத்துப் பேரிடம் இரண்டு சொல்லையும் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்; அதுவரை பட்டியலில் இரண்டும் இருக்கட்டும், வடியெடை முன்னே, உலர் எடை பின்னே. ஒவ்வோர் அமர்வுக்கும் குறிப்பது 'அன்றைய இலக்கு எடை'. இரு அமர்வுகளுக்கு இடையே கூடுவதற்கு 'இடைநாள் ஏற்றம்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லலாம். 'உப்பு' பற்றித் தனி மடல் வேண்டும்.

அடுத்த சொல் மாற்றுச் சிறுநீரகப் பகுதியில் வருகிறது: 'நிராகரிப்பு'. பொருத்திய சிறுநீரகத்தை உடலின் எதிர்ப்பாற்றல் அயலாகக் கண்டு தாக்குவது. தாய் கொடுத்த சிறுநீரகம் மகன் உடலில் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு படிவத்தில் படித்தேன். அந்தத் தாயும் அதைப் படித்திருப்பார். 'ஏற்காமை' என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்; ஏற்காட்டு அம்மையார் பெயர்ப் பொருத்தம் பார்த்துச் சிரிக்காமல் பதில் எழுத வேண்டும்.