பப்ஜி எக்கவுண்ட் விற்பனையை எங்கட குழுவில விடலாமா?

உவர்மலைக்காரன்:
எக்கவுண்ட் விக்கிற பதிவுகளைத் தடுக்கணும் எண்டு திருகோணமலைக் குழுவில ஒரு கோரிக்கை ஓடுது. நான் எதிர்க்கிறன். தடுத்தா வாங்கிறவன் நிப்பாட்ட மாட்டான், முகம் தெரியாத டெலிகிராம் சனல்ல போய் விழுவான். இங்க எண்டா ரெண்டு பேரும் நேரில சந்திக்கலாம். வாங்கிறவர்ட போனில லொகின் பண்ணிப் பாத்து, பாஸ்வேர்டையும் மீட்பு நம்பரையும் அங்கயே மாத்தி, அதுக்குப் பிறகு காசைக் குடுக்கலாம்.

கிண்ணியா நானா:
தம்பி, அங்கயே மாத்தினா வேலை முடியாது. கேமை இணைச்சிருக்கிற கூகிள் எக்கவுண்ட்ல மீட்பு நம்பரை மாத்தினாலும், பழைய நம்பருக்குக் கோட் அனுப்பிற வழி 7 நாளைக்குத் திறந்து கிடக்கலாம். வித்தவன் அண்டிரவே ஜிமெயிலைத் திருப்பி எடுத்தா கேமும் அதோட போகும். கம்பனியிட்ட முறையிடவும் ஏலாது, எக்கவுண்ட் விக்கிறதே விதிமுறைக்கு எதிர். முறையிட்டா மிச்சமிருக்கிற எக்கவுண்டும் பான் ஆகலாம்.

உவர்மலைக்காரன்:
அப்ப காசை 7 நாள் ஒரு மிடில்மேனிட்ட, ரெண்டு பேருக்கும் நடுவில நிக்கிற ஆளிட்ட, வைப்பம் நானா. அரை விலைக்கு யூசி (பப்ஜிக்குள்ள பொருள் வாங்கிற கேம் காசு) விக்கிறவங்களை விட இது எவ்வளவோ மேல்.

கிண்ணியா நானா:
அரை விலை யூசியை நானும் ஒத்துக்கொள்ள மாட்டன். களவெடுத்த கார்ட்டில வாங்கி ஏத்துவாங்க, இல்லாட்டி ஏத்தினதும் ரீஃபண்ட் கேப்பாங்க. காசு திரும்பினதும் யூசி மைனஸில போகும், அடி விழுறது வாங்கினவருக்கு. முறையான டொப்-அப்புக்கு பிளேயர் ஐடி நம்பர் மட்டும் போதும். பாஸ்வேர்ட் கேட்டா அந்த இடத்திலயே எழும்பி வந்திடணும். ஆனா மிடில்மேன் ஆர்? அவரே காசோட போனா ஆரைப் பிடிக்கிறது?

நிலாவெளி வாசி:
ஸ்டீம் எண்ட கேம் கடையில விக்கிற கவுண்டர் ஸ்ட்ரைக் ஸ்கின்னையும் (கேமில துவக்குக்குப் போடுற டிசைன்) எக்கவுண்டையும் ஒண்டாக் கட்டாதீங்க. ஸ்கின் ஒரு ஆளிட்ட இருந்து மற்ற ஆளுக்கு முறையா மாறுது. ஸ்டீம் சந்தையில வாங்கிறவர் 115 குடுத்தா விக்கிறவருக்கு 100 வரும், அதுவும் ஸ்டீம் வொலட்டுக்குள்ளதான், வெளிய எடுக்க ஏலாது. அதனாலதான் ஆக்கள் வெளிய விக்கிறாங்க. இங்க அந்தக் காசு கைமாறுறது பெரும்பாலும் பேங்க் ட்ரான்ஸ்பராலதான். இதில கவனிக்க வேண்டியது ஒண்டு இருக்கு. 2025 ஜூலையில இருந்து ட்ரேட் பண்ணினதை 7 நாளுக்குள்ள திருப்பி எடுக்கலாம். காசை வாங்கிக்கொண்டு ட்ரேடைத் திருப்பினா வாங்கினவர் வெறுங்கைதான். திருப்பினவர்ட எக்கவுண்டுக்கு 30 நாள் ட்ரேட் தடை வரும், ஆனா காசு போனது போனதுதான். எட்டாவது நாள் காசைக் குடுங்க.

உவர்மலைக்காரன்:
அதே எட்டு நாளை எக்கவுண்டுக்கும் வைக்கலாம்தானே?

நிலாவெளி வாசி:
வைக்க ஏலாது. ஸ்கின்னில எட்டாவது நாள் திருப்பிற வழி அடைபடும். எக்கவுண்ட்ல, தான் முந்தி காசு கட்டின ரசீதுகளைக் காட்டி, முதல் ஆள் மாசக்கணக்கு கழிச்சும் சப்போர்ட்டுக்கு எழுதலாம்.

கிண்ணியா நானா:
அப்ப ஸ்கின் பதிவை விடுங்க, எக்கவுண்ட் பதிவை எடுங்க. வாங்கிறதில முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடப் பொடியனுகள், ரீலோட் காசைச் சேத்து வைச்சு வாங்கிறவங்க.

உவர்மலைக்காரன்:
தடைக்கு நான் இன்னும் வாக்குப் போட மாட்டன். ஆனா ரசீதுகளையும் வாங்கிறவர்ட கையில குடுக்காத ஆளிட எக்கவுண்ட் பதிவை நானே அழிப்பன்.