உதவி தேவை: கூகுள் படிவத் தேர்வு பாதி மாணவர்களுக்குத் திறக்கவில்லை, வகுப்புக் குழுவில் பெற்றோரின் கைபேசி எண்களும் வெளியாகின்றன

எழுத்தாணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இருபத்தோரு ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டியோடும் கரும்பலகையோடும் பணியாற்றி வந்தவள் நான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றி ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியதோடு என் கணினிப் பயணம் நின்றிருந்தது. (தமிழாசிரியை ஆகிய நான் 'புலனம்' என்று எழுத வேண்டும்தான், அவ்வாறு எழுதினால் பெற்றோருக்குப் புரிவதில்லை.) அண்மையில் நடந்த பயிற்சியில் கூகுள் படிவத்தில் வினாத்தாள் அமைக்கக் கற்றுத் தந்தார்கள். பயிற்சி அறையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வகுப்பில் செய்து பார்த்தபோதுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

கடந்த சனிக்கிழமை மாலை 15 வினாக்கள் கொண்ட படிவத்தின் இணைப்பை வகுப்புக் குழுவில் பதிவிட்டேன். 42 மாணவர்களில் 17 பேரிடமிருந்து மட்டுமே விடை வந்தது. மற்றவர்கள் அனுப்பிய திரைப்பிடிப்புகளைப் பார்த்தால், சிலருக்கு 'அனுமதி தேவை' என்றும், சிலருக்குக் கணக்கில் உள்நுழையுமாறும், அண்ணன் தம்பி மக்களான இருவரில் இளையவனுக்கு 'ஏற்கெனவே பதிலளித்துவிட்டீர்கள்' என்றும் காட்டியிருக்கிறது. அதே இரவில் என் மின்னஞ்சலுக்கு அனுமதி கேட்டுப் பல கோரிக்கைகள் வந்தன; அவற்றில் மூன்றுக்கு மட்டும் அனுமதி அளித்தேன்.

விடை அனுப்பியவர்களின் மதிப்பெண்ணிலும் குழப்பம் இருக்கிறது. 'ஆத்திசூடியை இயற்றியவர் யார்?' என்ற வினாவுக்கு ஔவையார் என்று சரியாக எழுதிய ஆறு பேருக்குப் பூச்சியம் விழுந்துள்ளது. விடைக்குறிப்பில் நான் இட்டதும் அவர்கள் எழுதியதும் என் கண்ணுக்கு ஒரே சொல்லாகத்தான் தெரிகின்றன. பழைய வினாத்தாள் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிய ஐந்து வினாக்கள் ஆங்கில எழுத்துகளின் குவியலாக மாறிவிட்டதால் அவற்றை மீண்டும் தட்டச்சு செய்ய ஒரு மாலைப்பொழுது செலவானது தனிக் கதை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஒரு மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்து, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து இரவு பத்தரை மணிக்குமேல் 'வணக்கம், யார் நீங்கள்?' என்று தொடர்ந்து செய்தி வருவதாகக் கூறினார். விசாரித்ததில் அந்த எண் எங்கள் வகுப்புக் குழுவில் உள்ள மற்றொரு வீட்டுப் பெரியவருடையது என்று தெரிந்தது. குழுவை நான்தான் உருவாக்கினேன். ஆகவே பொறுப்பும் என்னுடையது. என்ன செய்யலாம் என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

மடிக்கணினி

வணக்கம் அம்மா. தீர்வு சொல்லும் முன் மூன்று விவரங்கள் வேண்டும். படிவத்தை உங்கள் சொந்தக் கணக்கில் உருவாக்கினீர்களா, நிறுவனம் வழங்கிய கணக்கிலா? நிறுவனக் கணக்காக இருந்தால் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் திறக்கும்படி படிவம் அமைந்துவிடுவது உண்டு. எனது முதல் ஐயம் அதுவே. இரண்டாவதாக, குழுவில் இணைப்பை எத்தனை முறை பதிவிட்டீர்கள், அதன் இறுதியில் என்ன சொல் இருக்கிறது? மூன்றாவதாக, படிவத்தின் அமைப்புகள் பகுதியில் எவற்றையெல்லாம் இயக்கி வைத்திருக்கிறீர்கள்?

எழுத்தாணி

சொந்தக் கணக்குதான். இணைப்பை இரண்டு முறை பதிவிட்டேன். முதலில் உலாவியின் முகவரிப் பட்டையில் இருந்ததை நகலெடுத்து ஒட்டினேன். யாருக்கும் திறக்கவில்லை என்றதும், சக ஆசிரியர் ஒருவர் சொன்னபடி படிவத்திலேயே உள்ள பகிர்வுப் பொத்தானை அழுத்தி வேறோர் இணைப்பை எடுத்து அதற்குக் கீழே பதிவிட்டேன். முதல் இணைப்பின் இறுதியில் 'எடிட்' என்று இருக்கிறது. அமைப்புகளில் 'ஒருவருக்கு ஒரே பதில்' என்பதை இயக்கியிருக்கிறேன். பயிற்சியில் அவ்வாறு செய்யச் சொன்னார்கள்.

மடிக்கணினி

அப்படியானால் என் முதல் ஐயம் தவறு. உங்கள் சிக்கலுக்கு ஒரு காரணம் அல்ல, இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன.

நீங்கள் முதலில் ஒட்டியது விடையளிப்பதற்கான இணைப்பு அன்று. படிவத்தைத் திருத்துவதற்கான இணைப்பு. ஆசிரியர் அறையின் சாவியை வகுப்பில் கொடுத்தது போன்றது அது. இரண்டாவது இணைப்பு சரியானதே. ஆயினும் குழுவில் முதலாவது நீக்கப்படாமல் மேலேயே இருந்ததால், பிள்ளைகளில் பலர் அதைத்தான் தொட்டிருக்கிறார்கள். 'அனுமதி தேவை' என்ற அறிவிப்பும் உங்களுக்கு வந்த மின்னஞ்சல்களும் அதன் விளைவுகள். இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். நீங்கள் அனுமதி அளித்த மூவரும் இப்போது அந்தப் படிவத்தின் கூட்டாசிரியர்கள். வினாக்களை மாற்றவும், விடைக்குறிப்பைப் பார்க்கவும், மற்ற மாணவர்களின் விடைகளைப் படிக்கவும் அவர்களால் முடியும். படிவத்தில் கூட்டுப்பணியாளர்களைச் சேர்க்கும் பகுதிக்குச் சென்று அம்மூவரையும் இன்றே நீக்கிவிடுங்கள். அவர்கள் எத்தனை மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது 'ஒருவருக்கு ஒரே பதில்'. ஒருவர் இருமுறை விடையளிப்பதைத் தடுக்க வேண்டுமானால் அவர் யார் என்று கருவிக்குத் தெரிய வேண்டும். எனவே அதை இயக்கியதும் கூகுள் கணக்கில் உள்நுழைவது கட்டாயமாகிவிடுகிறது. ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு மின்னஞ்சல் என்று இருக்கும் பயிற்சி அறைக்கு இது பொருந்தும். தந்தை வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒரே கைபேசியை இரண்டு பிள்ளைகள் மாறி மாறி வாங்கும் வீட்டுக்குப் பொருந்தாது. அண்ணனின் விடை அனுப்பப்பட்டவுடன் தம்பிக்குக் கதவு அடைபட்டதற்குக் காரணம் இதுவே. அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்த்துச் சேகரிக்கும் வசதியையும், கோப்புப் பதிவேற்றக் கேட்கும் வினா வகையையும் தவிர்த்துவிடுங்கள். அவையும் உள்நுழைவைக் கட்டாயமாக்குபவை. அதற்குப் பதிலாக வருகைப் பதிவேட்டு எண்ணை முதல் வினாவாகக் கேட்டு, அதைக் கட்டாயமாக்கி, 1 முதல் 42 வரையுள்ள எண்ணை மட்டும் ஏற்கும்படி வரம்பு கொடுங்கள். யாரேனும் இருமுறை அனுப்பினால் விரிதாளில் நேரத்தோடு தெரியும்; முதலாவதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முறையில் ஒருவன் மற்றொருவனின் எண்ணைப் போட்டுவிட முடியும் என்பது உண்மையே. பருவத் தேர்வுக்கு இதைப் பயன்படுத்த நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பாடம் புரிந்ததா என்று பார்க்கும் சிறு தேர்வுக்கு இவ்வளவு காவல் போதும் என்பது என் கருத்து.

இனி ஒவ்வொரு முறையும் குழுவில் பதிவிடும் முன், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். அங்கு உங்கள் கணக்கு இராது; மாணவர் காண்பதை நீங்களும் காண்பீர்கள்.

எழுத்தாணி

மூவரையும் நீக்கிவிட்டேன். மூவருமே 15க்கு 15.

பனங்கூடல்

ஆசிரியைக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றிலே தரம் 9 மாணவருக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஔவையார் எனக்கும் இதே துன்பத்தைத் தந்திருக்கிறார்.

'ஔ' என்பது ஒருங்குறியில் (யூனிகோடு) தனியொரு எழுத்து. பிள்ளைகளோ 'ஒ' என்பதை அழுத்தி, அதன் பின்னர் 'ள' என்பதை அழுத்துகிறார்கள். திரையிலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கணினிக்கு 'ஒளவையார்' என்பது வேறு சொல். குறுவிடை வினாக்களில் படிவம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறதேயன்றி, பொருளை நோக்குவதில்லை. 'அறத்துப்பால்' என்று நீங்கள் விடைக்குறிப்பிலே கொடுத்திருக்க, பிள்ளை 'அறத்துப் பால்' என்று நடுவே இடைவெளி விட்டு எழுதினாலும் இதுவே நிகழும். சந்திப் பிழைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது ஆசிரியரின் முடிவாக இருக்க வேண்டும். கருவியின் முடிவாக இருக்கக்கூடாது.

இதற்கு மூன்று வழிகளைக் கைக்கொள்கிறேன். விடைக்குறிப்பிலே ஒரு வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைச் சேர்க்க இயலும். ஔவையார், ஒளவையார், அவ்வையார் ஆகிய மூன்றையும் சேர்த்துவிடுங்கள். 'பிற விடைகள் அனைத்தும் தவறு' என்று பொருள்படும் கட்டத்திலே அடையாளம் இடாதீர்கள். பதில்கள் பகுதியிலே வினாவாரியாகப் பார்வையிட்டால் ஒரே மாதிரியான விடைகள் ஒன்றாகத் திரண்டு நிற்கும். ஆறு பேருக்கும் ஒரே தடவையிலே மதிப்பெண் வழங்கிவிடலாம். எழுத்துப்பிழையைச் சோதிப்பது நோக்கமல்ல என்றால், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவாக மாற்றிவிடுவதே எளிது.

ஆங்கில எழுத்துக் குவியலைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பழைய எழுத்துருக்களில் எங்கள் பக்கத்திலே பாமினி, உங்கள் பக்கத்திலே வானவில். இவற்றிலே தட்டெழுதியவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். படிவத்திலே ஒட்டும்போது போர்வை விலகிவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டபோதிலும் பழைய வினாத்தாள்கள் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. மீண்டும் தட்டெழுத வேண்டியதில்லை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியிலே இட்டு, மூல எழுத்துரு எதுவென்று தெரிவு செய்தால் நொடியிலே ஒருங்குறியாகிவிடும். மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் விசித்திரமான தமிழாக மாறியிருக்கும்.

திண்ணைப் பள்ளி

வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுக் கூகுள் வகுப்பறைக்கு மாறிவிடுங்கள். எண் வெளியாகும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

எழுத்தாணி

அது குறித்தும் யோசித்தேன், ஐயா. எங்கள் வகுப்பில் பலருக்குச் சொந்தக் கணக்கு கிடையாது. தந்தையின் கைபேசியில் உள்ள கணக்கின் கடவுச்சொல்லைத் தந்தையே மறந்திருக்கிறார். வாட்ஸ்அப் ஒன்றுதான் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது.

மாலை மணி

உங்கள் முடிவே சரி என்று நினைக்கிறேன், அம்மா. நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கருவி நல்லதா என்பதைவிட, கருவி எந்த வீட்டுக் கூடத்தில் திறக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று குழுவை மாற்றினால் போதும் எனப் பலர் சொல்வார்கள். அது காலை வணக்கப் படங்களை நிறுத்தும், எண்களை மறைக்காது. உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் எல்லா எண்களும் முன்போலவே தெரியும். ஒலிபரப்புப் பட்டியல் என்றொரு வசதி உண்டு. அதில் யாருக்கும் பிறர் எண் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆசிரியர் எண்ணைச் சேமிக்காத பெற்றோர் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குப் பொருந்துவது வாட்ஸ்அப்பில் 2022இல் அறிமுகமான சமூகம் (கம்யூனிட்டி) என்னும் வசதி. புதிதாக ஒரு சமூகத்தை உருவாக்கினால் அதனுடன் ஓர் அறிவிப்புக் குழுவும் உருவாகும். அதில் நிர்வாகிகள் அறிவிப்பை வெளியிடலாம். சாதாரண உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் காண முடியாது. எச்சரிக்கை ஒன்று உண்டு: உங்கள் பழைய வகுப்புக் குழுவை இந்தச் சமூகத்தில் இணைத்துவிடாதீர்கள். உள்ளே உள்ள உரையாடல் குழுக்களில் சேர்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியும். தானாக அப்படியொரு குழு உருவாகியிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அழைப்பு இணைப்பை அனுப்பி எல்லாரும் சேர்ந்த பிறகு அந்த இணைப்பை மாற்றிவிட்டால், கைமாறிச் சென்ற பழைய இணைப்பு பயனற்றதாகிவிடும்.

இனி அந்தத் தாயாரின் முறையீடு. பழைய குழுவை இன்று கலைத்தாலும், ஏற்கெனவே ஒருவர் குறித்துக்கொண்ட எண்ணை எவராலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே அந்த எண்ணை முடக்கிப் புகாரளிக்க அவருக்கு உதவுங்கள். செய்திகளை அழிக்காமல் திரைப்பிடிப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களே அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிச் சமாதானம் செய்ய முயலாதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்து வழியாகத் தெரிவியுங்கள். செய்தி மாணவிக்கே வரத் தொடங்கினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

புதிய குழுவில் சேர்க்கும் முன் பெற்றோரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எதற்காக எண் வாங்குகிறோம், இரவு எட்டு மணிக்குப் பின் ஆசிரியர் செய்தி அனுப்பமாட்டார், மாணவரின் படத்தைப் பகிரமாட்டோம் என்ற மூன்று வரிகளைப் பெற்றோர் தம் கையெழுத்தோடு ஒருமுறை படித்தாலே பாதித் தொல்லை குறைந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

எழுத்தாணி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கடிதங்கள் திரும்பி வரவே ஒரு வாரம் ஆயிற்று.

புதிய படிவத்தை மறைநிலைச் சாளரத்தில் சோதித்த பிறகே பதிவிட்டேன். 42 பேரில் 37 பேர் விடை அனுப்பினார்கள். தம்பியும் அனுப்பிவிட்டான். ஒருவன் மட்டும் பதிவேட்டு எண்ணாக 420 என்று கொடுத்துப் பார்த்து, படிவம் ஏற்கவில்லை என்று என்னிடமே வந்து முறையிட்டான். ஔவையாரின் பெயரை மாணவர்கள் ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள். மூன்றுக்கு மதிப்பெண் தந்தேன், இரண்டை வகுப்பில் கரும்பலகையில் எழுதித் திருத்தினேன். 'ஔ'வுக்கும் 'ஒள'வுக்கும் உள்ள வேறுபாட்டை அன்று காட்டியதில், இணையத் தேடலில் தம் கட்டுரைத் தலைப்பு ஏன் கிடைக்கவில்லை என்பது இருவருக்கு விளங்கியது.

15க்கு 15 வாங்கிய மூவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். உள்ளே போனதும் விடைகள் தெரிந்தன, பார்த்து எழுதினோம் என்று மறைக்காமல் சொன்னார்கள். கதவைத் திறந்து வைத்தவள் நான் என்பதால் தண்டிக்கவில்லை. அடுத்த படிவத்தை உருவாக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன், விடைக்குறிப்பை மட்டும் நான் இடுவேன்.

சமூகத்தின் அறிவிப்புக் குழுவில் இதுவரை 39 குடும்பங்கள் சேர்ந்துள்ளன. பழைய குழுவைக் கலைத்துவிட்டேன். அந்தத் தாயாருக்கு இப்போது செய்தி வருவதில்லை. தலைமையாசிரியர் அந்தப் பெரியவரை அழைத்துப் பேசினார். மூன்று வீடுகளில் திறன்பேசியே இல்லை. விடை அனுப்பாத ஐவரில் மூவர் அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்து தருவதாகக் கணினிப் பொறுப்பாசிரியர் சொல்லியிருக்கிறார். மற்ற இருவரும் மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

மடிக்கணினி

ஆய்வகக் கணினியில் தமிழ்த் தட்டச்சு இயங்குகிறதா என்று வியாழக்கிழமையே பார்த்து வையுங்கள், அம்மா. இல்லையென்றால் அந்த மூவருக்கும் தெரிவுவிடை வினாக்களாகக் கொடுத்துவிடுங்கள்.